அகிம்சைக்கு ஒரு குறிப்பேடு: யோகம் பழகத் தொடங்குபவர்களுக்கு

யோகா வகுப்பில் புதிதாகச் சேர்பவரிடம் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதுகுவலி, சர்க்கரை, தூக்கமின்மை, தொப்பை. அகிம்சை பழக வந்தேன் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் முதுகுவலிக்காகப் போனவன்தான். மூன்றாம் மாதம் ஒருநாள், பக்கத்து விரிப்பில் இருந்த 68 வயதுப் பெரியவர் பஸ்சிமோத்தானாசனத்தில் அலட்டிக்கொள்ளாமல் நெற்றியை முழங்காலில் வைத்தார். எனக்கு அப்போது 41. ரோஷம் வந்துவிட்டது. கால் விரல்களைப் பிடித்து இழுத்தேன். பின்தொடையில் சுருக்கென்று பிடித்தது; ஆறு வாரம் நொண்டினேன்.

ஆசனம் எதுவும் செய்ய முடியாத அந்த எரிச்சலில்தான் பதஞ்சலியின் யோக சூத்திரத்தைக் கையில் எடுத்தேன். அதில் ஆசனத்துக்கு ஒதுக்கப்பட்டிருப்பது மூன்றே சூத்திரங்கள். அகிம்சையில் தொடங்கும் யமங்கள் என்ற ஐந்து ஒழுக்கங்களுக்கும், அவை தடுமாறும்போது என்ன செய்வது என்பதற்குமாகச் சேர்த்து ஒன்பது. நான் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

நாளைக் காலையிலிருந்து என்ன செய்யலாம் என்று கேட்பவருக்காக எழுதுகிறேன். தத்துவம் தேவைப்படும் அளவுக்கு மட்டும் வரும்.

முதலில் கொஞ்சம் பின்னணி

யோக சூத்திரம் நான்கு பாதங்களாகப் பிரிந்தது. பதிப்பைப் பொறுத்து 195 அல்லது 196 சூத்திரங்கள். இரண்டாவதான சாதன பாதத்தில் யோகத்தின் எட்டு அங்கங்கள் வருகின்றன: யமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. யமம் என்பது அகிம்சை, வாய்மை, களவாமை, பிரம்மசரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை என்ற ஐந்து. சமணத் துறவியரின் ஐந்து மகாவிரதங்களும் இவைதான், பெயர்கள்கூட மாறவில்லை. திருமூலர் இயமத்தைப் பாடும்போது பட்டியல் நீள்கிறது, 'பகுத்துண்பான்' என்பதையும் சேர்த்துக்கொள்கிறார். ஆனால் அவருக்கும் முதல் சொல் 'கொல்லான்' என்பதே.

சூத்திரங்கள் தந்தி வாசகம் போன்றவை. வியாசர் பெயரில் வழங்கும் உரையைத் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் அவற்றைப் படிப்பது கஷ்டம். அகிம்சை என்றால் எவ்வகையிலும், எப்போதும், எந்த உயிருக்கும் 'அநபித்ரோகம்' என்கிறார் அவர். 'துரோகம்' நமக்குப் பழகிய சொல்; இங்கே அதற்குத் தீங்கு என்று பொருள். தீங்கு நினைக்கும் எண்ணமே இல்லாத நிலை என்று கொள்ளலாம். மற்ற யமங்களும் நியமங்களும் இந்த ஒன்றை வேராகக் கொண்டவை, இதை மெருகேற்றத்தான் அவை இருக்கின்றன என்றும் சொல்லிவிடுகிறார். ஆகவே அகிம்சையை ஐந்தில் ஒன்றாக எண்ண வேண்டாம். மற்ற நான்கும் இதன்மேல்தான் நிற்கின்றன.

படி 1: விரிப்பில் தொடங்குங்கள்

எல்லா உயிரும் என்றால் அதில் உங்கள் முழங்காலும் அடக்கம். மற்றவர்களிடம் அகிம்சை பழகுவதற்கு எதிரில் ஆள் வேண்டும், சந்தர்ப்பம் வேண்டும். உடல் எப்போதும் கூடவே இருக்கிறது; உடனே பதிலும் சொல்லிவிடுகிறது. புதியவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை.

ஆசனம் 'ஸ்திரமும் சுகமும்' ஆக இருக்க வேண்டும் என்பது சூத்திரம். முயற்சியைத் தளர்த்துவதால் அது கைகூடும் என்பது அடுத்தது. இதை அளக்க மூச்சு போதும். நொண்டிக் குணமாகித் திரும்பிய முதல் நாள் எங்கள் ஆசிரியை காலைப் பற்றி விசாரிக்கவே இல்லை. "அன்றைக்கு உங்கள் மூச்சு எந்த இடத்தில் நின்றது, சார்?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தால், விரலைப் பிடித்த கணத்திலேயே மூச்சை அடக்கியிருந்தேன், பல்லையும் கடித்திருந்தேன். தசை பிடித்தது அதற்குப் பிறகுதான்.

ஆகவே முதல் இரண்டு வாரத்துக்கு இதை மட்டும் செய்யுங்கள். ஒவ்வோர் ஆசனத்திலும் மூக்கு வழியாகச் சத்தமில்லாமல் மூச்சு ஓடுகிறதா என்று பாருங்கள். மூச்சு திக்கினாலோ, தாடை இறுகினாலோ, முகம் கோணினாலோ, அந்த இடத்திலிருந்து இரண்டு விரற்கடை பின்வாங்கி அங்கே நில்லுங்கள். தசையின் நடுப்பகுதியில் பரவலாக ஓர் இழுப்பு இருந்து, ஆசனத்தைக் கலைத்ததும் அது அடங்கினால் பாதகமில்லை. மூட்டுக்குள் வலித்தால், ஊசி குத்துவது போலிருந்தால், மின்சாரம் பாய்ந்தது போலவோ மரத்துப்போவது போலவோ இருந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். இரத்த அழுத்தம் கூடுதலாக உள்ளவர்களும் கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்களும் சிரசாசனம் போன்ற தலைகீழ் நிலைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. முழங்கால் தேய்மானம் உள்ளவர் பத்மாசனத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்று எந்தச் சூத்திரமும் கட்டாயப்படுத்தவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்காரலாம்.

கை எட்டவில்லை என்றால் பழைய வேட்டியை மடித்துப் பாதத்தில் மாட்டிப் பிடிக்கலாம். மரக்கட்டை, பட்டை, நாற்காலி, சுவர்க் கயிறு எல்லாவற்றையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்து உலகெங்கும் பரப்பியவர் பி.கே.எஸ். அய்யங்கார். அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியார், சென்னையில் வாழ்ந்த பிற்காலத்தில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாடம் அமைத்துக் கொடுத்தார். மனிதருக்கேற்ப ஆசனத்தை மாற்று என்கிற இந்த வழியை அவர் மகன் தேசிகாசாரும் தொடர்ந்தார். கட்டையை எடுத்து வைத்துக்கொள்ள வெட்கப்படுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றும்.

ஒரு எச்சரிக்கை. 'உடலை வருத்தக் கூடாது' என்று சொல்லிக்கொண்டு மழை நாளெல்லாம் போர்வைக்குள் கிடப்பதற்கு அகிம்சை என்று பெயர் சூட்டிவிடாதீர்கள். யோகத்தின் இரண்டாம் அங்கமான நியமங்களில் தவமும் ஒன்று. அதேபோல, ஒருநாள் தவறிவிட்டது என்று நாள் முழுக்க உங்களையே திட்டிக்கொண்டிருப்பதும் வேண்டாம். மறுநாள் விரிப்பை விரியுங்கள், போதும்.

படி 2: எல்லையை நீங்களே வரைந்துகொள்ளுங்கள்

பிறப்பு, இடம், காலம், சந்தர்ப்பம் ஆகிய நான்கு வரம்புகளும் இல்லாமல் யமங்களைக் காத்தால் அது மகாவிரதம் என்கிறது சூத்திரம். வரம்பு என்றால் என்ன என்பதற்கு வியாசர் தரும் உதாரணங்கள் சுவையானவை. மீனவர் மீனை மட்டும் கொல்வார், வேறெதையும் கொல்ல மாட்டார்: இது பிறப்பு சார்ந்த வரம்பு. புண்ணியத் தலத்தில் கொல்ல மாட்டேன் என்பது இடம் சார்ந்தது. சதுர்த்தசியன்று கொல்ல மாட்டேன் என்பது காலம். தேவருக்காகவும் அந்தணருக்காகவும் தவிர வேறெதற்கும் கொல்ல மாட்டேன் என்பதும், போர்க்களத்தில் மட்டும்தான் கொல்வேன் என்று க்ஷத்திரியர் சொல்வதும் சந்தர்ப்பம்.

இதைப் படித்தபோது எனக்குப் புரட்டாசி நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. அந்த மாதம் முழுக்கக் கோழிக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத வீடுகள் எத்தனை! செவ்வாய், வெள்ளி கவிச்சி கிடையாது என்பதும் இதே கணக்குதான். வியாசர் நம் தெருவுக்கு வந்திருந்தால் சதுர்த்தசிக்குப் பதிலாகப் புரட்டாசிச் சனியைச் சொல்லியிருப்பார்.

பதஞ்சலியின் பார்வையில் இவை அரைகுறை. ஆனால் புதியவருக்கு இவைதான் படிக்கட்டு என்பது என் கருத்து. சமணர்கள் இதைத் தெளிவாகவே வகுத்திருக்கிறார்கள்: துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம். வரம்பு இருப்பதில் குற்றமில்லை. வரம்பு இருக்கிறது என்பதே தெரியாமல் இருப்பதுதான் சிக்கல்.

எனவே ஒரு சிறிய வரம்பை எழுதுங்கள். யாரிடம், எங்கே, எப்போது என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். நான் எழுதியது: 'மாலை 6 முதல் 8 வரை, வீட்டுப்பாட மேசையில், மகனிடம் குரல் உயர்த்துவதில்லை. 30 நாள்.' 'இனி யார்மீதும் கோபப்பட மாட்டேன்' என்று எழுதியவர்கள் மறுநாள் பால் பாக்கெட் வரும் நேரத்திலேயே தோற்றுப்போவார்கள். 30 நாள் ஓரளவு நின்றதும் ஒரு சுவரை மட்டும் தள்ளி வையுங்கள்: எட்டு மணி என்பதை ஒன்பதாக்கலாம், அல்லது மேசை என்பதை வீடு முழுவதுமாக்கலாம். யாரிடமும் அறிவிக்க வேண்டாம். அறிவித்த விரதத்தைக் காப்பது பாதி நேரம் கௌரவத்தைக் காப்பதாகவே முடிந்துவிடுகிறது.

படி 3: குறிப்பேடு

எனக்கு மிகவும் உதவிய பகுதி இதுதான். சாதன பாதத்தின் 34ஆம் சூத்திரம் ஹிம்சையை ஆய்வுக்கூடத்தில் வைத்தது போலப் பிரித்துக் காட்டுகிறது.

யார் கை என்று பார்த்தால் மூன்று வகை: தானே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, பிறர் செய்ததை ஆமோதித்தது. எதிலிருந்து வந்தது என்று பார்த்தால் மூன்று: பேராசை, கோபம், மயக்கம் (அறிவு மயங்குவது). எவ்வளவு என்று பார்த்தால் மூன்று: மென்மை, நடுத்தரம், கடுமை. பெருக்கினால் 27. கடைசி மூன்றையும் மறுபடி மூன்றாகப் பிரித்து 81 என்று கணக்குச் சொல்கிறார் வியாசர். உண்மையில் அதற்கும் முடிவில்லை என்கிறார். நமக்கு 27 தாராளம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரவு படுக்கும்முன் ஐந்து நிமிடம். நிகழ்ச்சியை ஒரே வரியில் எழுதி, பக்கத்தில் மூன்று சொற்கள்: யார் கை, எந்த ஊற்று, எந்த அளவு. தீர்ப்பு வேண்டாம், வருத்தம் வேண்டாம், கடைக்காரர் கணக்கு எழுதுவது போல எழுதுங்கள். என் நோட்டிலிருந்து சில வரிகள்:

சமையலறை எறும்பு வரிசைமேல் வெந்நீர் ஊற்றினேன். செய்தது, மயக்கம், நடுத்தரம். (மஞ்சள்தூள் தூவினாலே விலகிப் போயிருக்கும். யோசிக்கவே இல்லை.)

சாப்பாடு கொண்டுவந்த இளைஞரை மழையில் இரண்டு முறை போன் செய்து விரட்டினேன். செய்வித்தது, பேராசை, நடுத்தரம்.

கூட்டத்தில் மேலாளர் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் உச்சரிப்பைக் கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன். ஆமோதித்தது, பேராசை, மென்மை.

செல்போன் திருடியவனைக் கம்பத்தில் கட்டி அடிக்கும் காணொளி வந்தது. 'இவனுக்கு இது வேண்டும்' என்று எழுதி மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். ஆமோதித்தது, கோபம், கடுமை.

இரண்டாவது வரியில் ஏன் 'செய்வித்தது' என்று கேட்கலாம். அவர் வழுக்கும் சாலையில் வேகமாக வந்தால் ஆபத்து அவருக்கும் எதிரே வருபவருக்கும். வண்டி ஓட்டுவது அவர், முடுக்குவது நான்.

முதல் வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன். 'செய்தது' ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டது. 'ஆமோதித்தது' ஒரு பக்கத்தை நிறைத்து அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. நான் எறும்பைத் தவிர எதையும் கொல்லாத, கை ஓங்காத, சாதுவான ஆள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு இருந்தது. கையை அடக்கிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றைக்கு அந்த ஆமோதிப்புக்கு விரல் நுனி அசைந்தாலே போதும் என்பதால் இந்தப் பகுதி நிரம்பி வழிகிறது. உங்கள் நோட்டும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

ஊற்றுகளில் கோபத்தை அடையாளம் காண்பது சுலபம், முகம் சுடும். பேராசைக்கு வியாசர் தரும் உதாரணம் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கொல்வது. நம் காலத்தில் நல்ல பெயருக்காகச் சிரிப்பதையும் அதில்தான் சேர்க்க வேண்டும். மயக்கம்தான் பிடிபடாதது. 'இதனால் எனக்குத் தருமம் சேரும்' என்று நம்பிக் கொல்வதை வியாசர் அதற்கு உதாரணமாகச் சொல்கிறார். நம் பழமொழிகளிலேயே அது குடியிருக்கிறது: 'அடியாத மாடு படியாது', 'அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவான்'. உன் நன்மைக்காகத்தான் அடிக்கிறேன் என்று சொல்லும் கைக்குத் தான் ஹிம்சை செய்கிறோம் என்று தெரியவே தெரியாது. நோட்டில் 'நியாயமானது' என்று எழுதத் தோன்றும் இடங்களில் எல்லாம் இந்தச் சொல்லை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

படி 4: எதிர்நினைப்பு

எழுதுவது நடந்து முடிந்ததற்கு. நடந்துகொண்டிருக்கும்போது என்ன செய்வது? இதற்குப் பதஞ்சலியின் மருந்து பிரதிபக்ஷ பாவனம், அதாவது எதிர்த்தரப்பை நினைத்துப் பார்ப்பது. 'நல்லதையே நினையுங்கள்' என்று பலரும் இதைத் தித்திப்பாக்கிவிட்டார்கள். மூலத்தில் இது கசப்பு மருந்து. ஹிம்சைக்கு முடிவில்லாத துன்பமும் அறியாமையும்தான் பலன் என்று நினைத்துப் பார் என்கிறது சூத்திரம். வியாசர் இன்னும் ஒருபடி மேலே போகிறார்: சம்சாரக் கங்கில் வெந்து, எல்லா உயிருக்கும் அபயம் கொடுத்து யோகத்தைச் சரணடைந்துவிட்டு, விட்டதையே மறுபடி எடுக்கிறேன் என்றால், கக்கியதை நக்கும் நாய்க்கும் எனக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறார். அந்த உவமை எனக்கு வேலை செய்கிறது. உங்களுக்கு அருவருப்பாக இருந்தால் வேறு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை இது. சூடு ஏறுகிறது என்று தெரிந்ததும் முதலில் மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். விரிப்பில் பழகிய அதே மூச்சு இங்கே கை கொடுக்கும். பிறகு மனதுக்குள் பெயர் சூட்டுங்கள்: 'கோபம், நடுத்தரம்.' குறிப்பேட்டுப் பழக்கம் வந்துவிட்டால் இது தானாகவே நடக்கும். மூன்றாவதாக, இந்தச் சொல் வாயை விட்டு வெளியே போனால் இன்றிரவு பத்து மணிக்கு வீடு எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு காட்சியை ஓட்டிப் பாருங்கள். யார் சாப்பிடாமல் படுத்திருப்பார்கள், யார் சுவர்ப் பக்கம் திரும்பியிருப்பார்கள். இதற்குமேல் ஆராய்ச்சி வேண்டாம். எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். கோபத்தில் எழுதிய கடிதமோ குறுஞ்செய்தியோ என்றால் அனுப்பாமல் ஓர் இரவு வைத்திருங்கள். காலையில் பெரும்பாலானவற்றை அழித்துவிடுவீர்கள்.

பொறாமைக்கு வேறு மருந்து உண்டு. சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரிடம் மகிழ்ச்சி, தீயவரிடம் ஒட்டாமை ஆகிய நான்கையும் பழகினால் மனம் தெளியும் என்று முதல் பாதத்திலேயே ஒரு சூத்திரம் இருக்கிறது. நான் அந்த 68 வயதுப் பெரியவரிடம் போய், எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள் ஐயா என்று கேட்டேன். முப்பது வருடம் என்றார். முதல் நாளே கேட்டிருந்தால் பின்தொடை பிழைத்திருக்கும்.

படி 5: நாக்கு

ஒருவர் மற்றொருவருக்குத் தீங்கு செய்வதை வியாசர் மூன்று கட்டமாகப் பார்க்கிறார். முதலில் எதிராளியின் வலிமையைப் பறிக்கிறார். பிறகு ஆயுதத்தால் வலி கொடுக்கிறார். கடைசியில் உயிரைப் போக்குகிறார். முதல் கட்டத்தைக் கவனியுங்கள். ஆளைத் தளர வைப்பது. வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் நாக்கால் செய்வது பெரும்பாலும் அதுதான். 'உனக்கு இதுகூடத் தெரியாதா?' என்ற மூன்று சொற்களுக்குக் கத்தி தேவையில்லை.

உண்மையைத்தானே சொன்னேன் என்பது நாக்கின் வழக்கமான வாதம். யோகத்தில் அந்த வாதம் செல்லாது. சொல் உயிர்களின் நன்மைக்காகப் புறப்பட்டது. கேடு செய்யும் சொல் உண்மை போல் தோன்றினாலும் உண்மையாகாது என்று வியாசர் உரை வாய்மையை அகிம்சைக்குக் கீழே வைத்துவிடுகிறது. வள்ளுவரின் வரிசையும் இதேதான்: 'ஒன்றாக நல்லது கொல்லாமை மற்றதன் பின்சாரப் பொய்யாமை நன்று.'

இதற்காகப் பூசி மெழுகிப் பேச வேண்டும் என்று அர்த்தமில்லை. கீதையின் 17ஆம் அத்தியாயத்தில் சொல்லின் தவம் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது: கலக்கம் உண்டாக்காதது, உண்மை, இனியது, நன்மை தருவது. நான்கும் சேர்ந்து கிடைக்காத நேரங்கள் வரும். மகன் கணக்கில் 35 வாங்கியிருந்தால் அதை இனிமையாகச் சொல்ல வழியில்லை. ஆனால் எப்போது, யார் முன்னால், என்ன குரலில் என்ற மூன்றும் நம் கையில் இருக்கின்றன. விருந்தினர் முன்னால் சொல்லாமல், சாப்பிட்டு முடித்த பிறகு, தாளைப் பக்கத்தில் வைத்து எந்தக் கணக்கில் தடுமாறினாய் என்று கேட்கலாம். கடுமையான உண்மை தனிமையில் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பாராட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

படி 6: தட்டு

அகிம்சை என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது சைவமாக மாற வேண்டுமா என்றுதான். நான் வேண்டுமென்றே ஆறாவதாக வைத்திருக்கிறேன். யோக சூத்திரத்தில் உணவுப் பட்டியல் இல்லை. ஆனால் எல்லா உயிருக்கும் என்று சொன்ன பிறகு, இறைச்சிக்காகக் கொல்வதைப் பேராசைக்கு உதாரணமாக வியாசர் காட்டிய பிறகு, அந்தப் பாதை எந்தப் பக்கம் போகிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. எவ்வளவு வேகமாகப் போவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். படி 2இல் சொன்ன வரம்பு முறை இங்கே நன்றாகப் பொருந்தும்.

சைவமாகப் பிறந்தவர்களுக்கு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பட்டுப்புழுவைக் கூட்டோடு அவித்துத்தான் வழக்கமான பட்டு நூல் வருகிறது. அந்துப்பூச்சி வெளியேறிய பின் நூற்கும் அகிம்சைப் பட்டும் கிடைக்கிறது. புதிதாகச் சைவமான உற்சாகத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பது நோட்டில் ஒரு வரிக்குத் தகுதியானது. வயிற்றின் கால் பங்கைக் காலியாக விடச் சொல்கிறது ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல். அதை எல்லாரும் இன்றைக்கே தொடங்கலாம்.

குழப்பம் வரும் இடங்கள்

கொசு. வீட்டில் குழந்தைக்கு டெங்கு வரும் அபாயம் இருக்கும்போது கொசுவைப் பற்றித் தத்துவம் பேசுவது அபத்தம். தேங்கிய நீரைக் கொட்டுங்கள், வலை கட்டுங்கள்; அதற்கும் மேல் தேவைப்பட்டதைச் செய்துவிட்டு நோட்டில் எழுதுங்கள். எழுதுவது குற்ற உணர்ச்சிக்காக இல்லை. கணக்கில் வராமல் போகக் கூடாது என்பதற்காக.

இதைவிடக் கடினமான ஒரு வழக்கு 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் வந்தது. பிழைக்க வழியில்லாமல் துடித்துக்கொண்டிருந்த ஒரு கன்றுக்குட்டியை ஊசி போட்டு முடித்துவிட காந்தி சம்மதித்தார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. துன்பத்திலிருந்து விடுவிப்பதுதான் அங்கே அகிம்சை என்று அவர் தம் பத்திரிகையில் எழுதி வாதாடினார். அவர் செய்தது சரியா என்று இன்றும் இரண்டு பக்கமும் பேசலாம். எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் கன்றின் நிலையை நேரில் பார்த்து, மற்றவர்களைக் கலந்து முடிவெடுத்து, பொறுப்பைத் தன் பெயரில் ஏற்று, வெளிப்படையாக எழுதினார் என்பது. குறுக்கு வழியை நாடுபவர்கள் இந்த நான்கில் ஒன்றைத் தவிர்த்துவிடுவதைப் பார்க்கலாம்.

அடுத்தது, அடி வாங்குபவரிடம் 'பொறுத்துக்கொள், அதுதான் அகிம்சை' என்று சொல்லும் கொடுமை. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணிடம் இப்படிச் சொல்பவர் அந்த அடியை ஆமோதிக்கிறார்; மூன்றாம் வகை, மயக்கம், கடுமை. தன்னையும் எல்லா உயிர்களில் ஓர் உயிராக எண்ணி அந்த வீட்டை விட்டு வெளியேறுவதும், காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதும் அகிம்சைக்கு எதிரானவை ஆகா. தீயவரிடம் ஒட்டாமை என்ற நான்காவது மருந்து இருப்பதே இதற்காகத்தான்.

எத்தனை நாள்?

நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால் பயிற்சி வேரூன்றும் என்று முதல் பாதம் சொல்கிறது. எண்ணிக்கை எதுவும் இல்லை. குறிப்பேட்டை மூன்று மாதம் எழுதுங்கள். பிறகு வாரம் ஒரு முறை போதும். 'ஆமோதித்தது' பகுதி குறைகிறதா என்பதை மட்டும் கண்காணியுங்கள்; மற்றவை அதன் பின்னால் வரும். நடுவில் பத்து நாள் எழுதாமல் விட்டுவிட்டால் விட்ட பக்கங்களை நிரப்ப முயல வேண்டாம்.

அகிம்சை நிலைபெற்றவர் அருகில் பகை விலகும் என்பது 35ஆம் சூத்திரம். புலியும் மானும் ஒரே துறையில் தண்ணீர் குடிக்கும் சித்திரங்கள் இங்கிருந்து வருபவை. நம் வீட்டில் புலி இல்லை. அருகில் இருப்பவர்களின் பயம் குறைகிறதா என்று பார்க்கலாம். எங்கள் வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால், முன்பெல்லாம் துண்டுகள் செய்தித்தாளில் சுற்றிக் குப்பைக் கூடையின் அடியில் கிடக்கும். இரண்டு நாள் கழித்து எனக்குத் தெரியவரும். போன மாதம் சமையலறையில் சத்தம் கேட்டு நான் எழுவதற்குள் மகனே கூடத்துக்கு வந்து, "அப்பா, டம்ளரை உடைத்துவிட்டேன்" என்றான். கையில் துடைப்பம் இருந்தது. காலில் செருப்பு இல்லை. போட்டுக்கொண்டு வா, சேர்ந்து பெருக்கலாம் என்றேன்.